ஒரு மணி நாற்பது நிமிடம்: இஷிகாகி தீவின் நாபி நஞ்சு வழக்கு

1986 மே 20. ஜப்பானின் தென்கோடியில், தைவானுக்குப் பக்கத்தில் இருக்கும் இஷிகாகி தீவு. பகல் ஒன்றரை மணி வாக்கில் நான்கு பெண்கள் ஒரு விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று பேர் டோக்கியோவிலிருந்து வந்த தோழிகள். நான்காமவர் 33 வயதுப் பெண், திருமணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விடுதிக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. குமட்டல், வாந்தி. கைகால் மரத்துப்போகிறது என்றார். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் இதயம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் எவ்வளவோ முயன்றும் துடிப்பைச் சீராக்க முடியவில்லை. மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்களில் இறந்துவிட்டார்.

கணவர் காமியா சிகாரா, வயது 46, அப்போது அந்தத் தீவிலேயே இல்லை. முதல் நாள் மனைவியோடு ஒகினாவாவின் தலைநகரான நாஹாவுக்கு வந்தவர், மறுநாள் விமான நிலையத்தில், அவசர வேலை வந்துவிட்டது, ஒசாகா திரும்ப வேண்டும் என்று சொல்லி மனைவியைத் தோழிகளோடு இஷிகாகிக்கு அனுப்பிவைத்தார். அவர் விடைபெற்றுப் போனதற்கும் மனைவிக்கு முதல் அறிகுறி தெரிந்ததற்கும் இடையே சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம். இடையில் கடலைத் தாண்டி ஒரு மணி நேர விமானப் பயணம் வேறு. காமியாவின் தற்காப்பு முழுவதும் பின்னாளில் இந்த இடைவெளியை நம்பித்தான் நின்றது. அது உடைந்தது ஒரு ஆய்வகத்தில்.

ஜப்பானில் இதை 'தோரிக்கபுத்தோ வழக்கு' என்பார்கள். தோரிக்கபுத்தோ என்பது அக்கோனைட் செடி. மலைப்பகுதிகளில் வளரும், முக்காடு போட்டதுபோல் நீலமும் ஊதாவுமாகப் பூக்கும். பூந்தொட்டிக்கென்றே விற்பவர்களும் உண்டு. நம் சித்த மருத்துவத்தில் நாபி, வச்சநாபி என்று சொல்லும் கிழங்கும் இதே பேரினம்தான். நமக்கு அது இமயமலையிலிருந்து வந்த கடைச்சரக்கு. தமிழ்நாட்டு மண்ணில் அது விளைவதில்லை.

பிரேதப் பரிசோதனை மேசையில்

உடலைப் பரிசோதித்தவர் ரியூக்யூ பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவ ஆசிரியர் ஓனோ யோகிச்சி. அவர் பார்த்த இதயம் 33 வயதுக்குரிய நல்ல இதயம். ரத்தக்குழாயில் சொல்லும்படியாக ஒரு அடைப்பும் இல்லை. ஆனாலும் சான்றிதழில் ஏதாவது எழுதியாக வேண்டும். நோய் வரலாறு இல்லாத ஆள், திடீர் இதய மரணம், வெளிக்காயம் ஒன்றும் இல்லை. 'திடீர் மாரடைப்பு' என்று எழுதினார். அப்படி எழுதியதில் அவருக்கே திருப்தி இல்லை. இதயத்தையும் சுமார் 30 மில்லி ரத்தத்தையும் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் காமியாவின் தந்திரத்தைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் வழக்கின் முக்கியமான செயல் இந்த 30 மில்லிதான். அந்த ரத்தம் இல்லையென்றால் பின்னால் வந்த எந்தச் சந்தேகத்துக்கும் பிடிமானம் இருந்திருக்காது. தான் கையெழுத்துப் போட்ட காரணத்தைத் தானே முழுசாக நம்பாத ஒரு மருத்துவர் அன்று அங்கே இருந்தார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் தோழிகள். புதுமணப் பெண்ணின் பேரில் நான்கு நிறுவனங்களில் மொத்தம் 18 கோடியே 50 லட்சம் யென்னுக்கு ஆயுள் காப்பீடு எடுத்திருந்ததும், எடுத்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை என்பதும் வெளியே வந்தது. அப்புறம் இன்னொரு செய்தி: காமியாவின் முதல் மனைவி 1981இல் இறந்திருந்தார், இதயக் கோளாறு. இரண்டாவது மனைவி 1985 செப்டம்பரில் இறந்திருந்தார், அதுவும் இதயக் கோளாறுதான். மூன்றாவது திருமணம் 1986 பிப்ரவரியில். மே மாதம் மூன்றாவது மரணம். பத்திரிகைகள் விடுமா? வாரப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் அவரைத் துரத்தின. அவரும் ஒளிந்துகொள்ளவில்லை, கேமரா முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார்.

காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. கொலை என்று சொல்ல அவர்களிடம் ஆதாரம் கிடையாது. அதனால், பாலிசி எடுக்கும்போது உடல்நல விவரத்தை மறைத்துவிட்டார்கள் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். காமியா வழக்குப் போட்டார். 1990 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயிக்கவும் ஜெயித்தார். அதாவது அந்தக் கட்டத்தில் சட்டத்தின் பார்வையில் அவர் மனைவியை இழந்தவர், பணம் வரவேண்டியவர்.

நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 1990 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஓனோ. தான் முன்பு எழுதிய காரணம் சரியல்ல, இது அக்கோனைட் நஞ்சாக இருக்க வேண்டும் என்றார். சில வாரங்களில் காமியா அந்த வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டார். கோடிக்கணக்கான யென், கீழ் நீதிமன்றத்தில் வென்றும் ஆகிவிட்டது, ஆனாலும் வேண்டாமென்று விலகினார்.

ஓனோ அப்படிச் சொன்னது ஊகத்தில் இல்லை. எடுத்து வைத்த ரத்தத்தின் ஒரு பகுதி வடக்கே செண்டாயில் உள்ள தோஹோக்கு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தது. மிசுகாகி மிச்சினாவோ அங்கே நுண்ணளவு பகுப்பாய்வு செய்தார். வாயு குரோமட்டோகிராபியில் பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு நிறையை வைத்து அடையாளம் காணும் முறை அது. ரத்தத்தில் அக்கோனைட் செடியின் நஞ்சுகளான அக்கோனிட்டின், மெசக்கோனிட்டின், ஹைப்பக்கோனிட்டின் மூன்றும் இருந்தன. மூன்றும் ஒன்றாகக் கிடைத்தது முக்கியம். ஒரே ஒரு சேர்மம் என்றால் ஆய்வகப் பிழையோ என்று கேட்கலாம். மூன்றும் சேர்ந்து இருந்தால் அது அக்கோனைட் கிழங்கின் கையெழுத்து.

நஞ்சு சரி, நேரம்?

இங்கேதான் வழக்கு சிக்கியது. அக்கோனிட்டின் அவசரக்கார நஞ்சு. கிழங்கைச் சமைத்தோ கஷாயமாகவோ சாப்பிட்டவர்களுக்கு அறிகுறி தெரிய சமயத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆவதுண்டு. ஆனால் பிரித்தெடுத்த நஞ்சைக் கொல்லும் அளவுக்கு உட்கொண்டால் சில நிமிடங்களிலேயே உதடும் நாக்கும் மரத்துப்போகும். காமியா கொடுத்திருந்தால் விமான நிலையத்திலேயோ, மிஞ்சிப்போனால் விமானம் ஏறியதுமேயோ அந்தப் பெண் சுருண்டிருக்க வேண்டும். அவரோ ஒரு மணி நேரம் பறந்து, இறங்கி, விடுதி வரைக்கும் நல்லபடியாகப் போயிருக்கிறார். நஞ்சைக் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்திருப்பார் என்றார்கள். கேப்ஸ்யூல் கரைய அவ்வளவு நேரம் பிடிக்காது. ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டிருப்பாரோ என்றும் யோசித்தார்கள். அப்படிப் பார்த்தாலும் கணக்கு இடித்தது.

தாமதமாகக் கொல்லும் அக்கோனைட் என்ற எண்ணம் புதிதல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டு கிரேக்கத்தில் தாவரங்களைப் பற்றி எழுதிய தியோபிராஸ்டஸ், இந்த நஞ்சைத் தயாரிக்கும் விதத்தைப் பொறுத்து இரண்டு மாதத்திலோ ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ கொல்லும்படி செய்யலாம் என்று பதிந்து வைத்திருக்கிறார். மருந்தியலில் அதற்கு ஆதாரம் கிடையாது, அந்தக் காலத்து வேர் வியாபாரிகளின் அளப்பு. ஆனால் கொலைகாரனுக்கு என்ன வேண்டும் என்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே சரியாகப் புரிந்திருக்கிறது. நஞ்சு வேலை செய்யும்போது கொடுத்தவன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அக்கோனைட் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம், இந்த வழக்கின் முடிச்சு அதற்குள்தான் இருக்கிறது. நரம்பும் இதயத் தசையும் மின்சாரத்தால் பேசுகின்றன. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். செல்லின் சவ்வில் சோடியத்துக்கென்று தனிக் கதவுகள் உண்டு. தூண்டுதல் வந்ததும் கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், அவ்வளவுதான், கதவு தானாக மூடிக்கொள்ளும். அடுத்த துடிப்பு வரைக்கும் ஓய்வு. அக்கோனிட்டின் இந்தக் கதவின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டு மூடவிடாமல் தடுக்கிறது. திறக்கக் கூடாத நேரத்திலும் கதவு திறக்கிறது. நரம்பு முதலில் சும்மாவே கூச்சலிடும், அதுதான் உதட்டிலும் விரல் நுனியிலும் ஊறும் உணர்ச்சி. பிறகு களைத்துப்போய் மரத்துவிடும். இதயத்தில் இதுவே நடந்தால் கீழறைகள் தம்பாட்டுக்குத் துடிக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இசிஜியில் துடிப்பின் அலைகள் மாறி மாறி மேலும் கீழும் எழும் ஒரு விசித்திரமான ஒழுங்கின்மை சில நோயாளிகளிடம் தெரியும். அதைப் பார்த்ததும் அக்கோனைட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். மாற்று மருந்து கிடையாது. துடிப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்து, முடிந்தால் இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, நஞ்சு வெளியேறும் வரை ஆளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான்.

இனி பேத்தை மீனுக்கு வருவோம்.

காமியா 1991 ஜூனில் முதலில் வேறொரு கையாடல் வழக்கில் கைதானார். அடுத்த மாதம் கொலை வழக்கில் மறுபடி கைது. விசாரணையில் இரண்டு கொள்முதல்கள் வெளியே வந்தன. ஒன்று எதிர்பார்த்தது: ஃபுகுஷிமா பக்கம் ஒரு செடி வியாபாரியிடம் அறுபதுக்கும் மேற்பட்ட தொட்டி அக்கோனைட். மற்றது யாரும் எதிர்பாராதது: டோக்கியோவுக்குத் தெற்கே யோகோசுக்காவில் ஒரு மீனவரிடம் ஆயிரத்துக்கும் மேல் குசாஃபுகு. குசாஃபுகு என்பது கரையோரம் கிடைக்கும் சின்ன வகைப் பேத்தை. நம் கடற்கரையில் வலையில் பேத்தை விழுந்தால் மீனவர்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஜப்பானில் உரிமம் பெற்ற சமையல்காரர் பெரிய பேத்தை வகைகளைப் பக்குவமாக அறுத்துப் பரிமாறுவார், அதற்கென்று தேர்வே உண்டு. அதையும் மீறி நஞ்சு மிகுந்த ஈரலை விரும்பிக் கேட்டுச் சாப்பிட்டு 1975இல் கியோட்டோவில் புகழ்பெற்ற கபுகி நாடக நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ இறந்துபோனார். அது விருந்துக்கான மீன். இந்தச் சின்ன மீனை ஆயிரக்கணக்கில் வாங்குகிறவருக்கு எத்தனை வீட்டு விருந்து நடக்கும்?

பேத்தையின் நஞ்சு டெட்ரோடோடாக்சின். 1909இல் தஹாரா யோஷிசுமி வைத்த பெயர். அதன் வடிவம் 1964இல் தெளிவானது. மீன் தானாக இதைச் செய்வதில்லை, பாக்டீரியாக்களிடமிருந்து உணவு வழியாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்த 1964ஆம் ஆண்டிலேயே நரஹாஷி தோஷியோ, சிங்கி இறாலின் நரம்பில் இதைச் சோதித்து, டெட்ரோடோடாக்சின் சோடியக் கதவை அடைத்துவிடுகிறது என்று காட்டினார். இது அக்கோனிட்டினுக்கு நேர் எதிர். ஒன்று கதவை மூடவிடாது, மற்றது கதவுக்கு வெளியே குறுக்கே நின்றுகொள்ளும், சோடியம் நுழையாது.

மீன் விவரம் தெரிந்ததும் மீதமிருந்த ரத்தத்தை மறுபடி சோதித்தார்கள். டெட்ரோடோடாக்சின் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் எடுத்து வைத்தது, அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சத்தில் இரண்டாவது நஞ்சு கிடைத்தது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் முதல் சோதனையில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பேத்தையைச் சாப்பிடாத ஒருவரின் ரத்தத்தில் பேத்தை நஞ்சைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஓனோ எலிகளில் சோதித்தார். அக்கோனிட்டின் மட்டும் கொடுத்தால் சீக்கிரம் சாகும். இரண்டையும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்துக் கொடுத்தால் சாவு தள்ளிப்போகிறது. டெட்ரோடோடாக்சின் உடம்பிலிருந்து வேகமாகக் குறையும், அக்கோனிட்டின் அதைவிட நேரம் தங்கும். இரண்டும் இருக்கும் வரை ஒன்றின் வேலையை மற்றது மறைத்து வைக்கிறது. முதலாவது வடிந்ததும் இரண்டாவது தலைதூக்குகிறது. ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

இந்த விளக்கத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவைத் திறக்கும் நஞ்சு, கதவை அடைக்கும் நஞ்சு, இரண்டும் சரிக்குச் சரி என்று படம் போட்டுக் காட்டுவது அழகாக இருக்கும். உண்மை அதைவிடச் சிடுக்கானது. இதயத் தசையில் உள்ள சோடியக் கதவு நரம்பில் உள்ளதைப் போன்றதல்ல. டெட்ரோடோடாக்சினுக்கு அது எளிதில் மசியாது, நரம்புக் கதவை அடைப்பதற்கு வேண்டியதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம் வேண்டும். ஆகவே இதயத்தில் இரண்டும் நேருக்கு நேர் மல்லுக்கட்டின என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நீதிமன்றத்துக்கு அந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. உயிருள்ள பிராணியில் இரண்டையும் சேர்த்தால் சாவு தாமதமாகிறதா? ஆகிறது. அதுவே போதுமானதாக இருந்தது.

காமியா எப்படி இந்தக் கூட்டணியைக் கண்டுபிடித்தார்? அவர் மருத்துவரும் அல்ல, வேதியியலாளரும் அல்ல. ஆனால் 1980களில் இரண்டு நஞ்சுகளின் செயலும் பாடப்புத்தகத்திலேயே இருந்தன. சோடியக் கதவை ஆராய்கிறவர்கள் ஒவ்வொரு நாளும் கையில் எடுக்கும் கருவிகள் இவை. எதிரெதிராக வேலை செய்வதைக் குறித்துக்கொள்ள ஒரு வாசகருக்கு நூலகம் போதும். அறிவியல் இதழ்களில் யாரும் தப்பாக எழுதவில்லை. படித்தவர் வேறு நோக்கத்தோடு படித்திருக்கிறார்.

அதற்கு நூறு வருடம் முன்பு லண்டனில்

கொலைகாரன் அறிவியலை நம்பி ஏமாந்த இன்னொரு அக்கோனைட் வழக்கு உண்டு. 1881 டிசம்பர் 3, விம்பிள்டனில் ஒரு தங்கிப் படிக்கும் பள்ளி. ஜார்ஜ் ஹென்றி லாம்சன் என்ற மருத்துவர் கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த தன் மச்சினனைப் பார்க்கப் போனார். பையனுக்கு வயது பதினெட்டு. அவன் இறந்தால் அவன் சொத்தில் ஒரு பங்கு லாம்சனின் மனைவிக்கு வரும். லாம்சனோ மார்ஃபினுக்கு அடிமை, கழுத்தளவு கடன். பள்ளித் தலைமை ஆசிரியரின் கண் முன்னாலேயே கேக்கை வெட்டிப் பகிர்ந்தார், ஜெலட்டின் கேப்ஸ்யூலில் சர்க்கரையை நிரப்பிப் பையனுக்கு விழுங்கக் கொடுத்தார். பாரிஸ் போக ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அன்றிரவே பையன் துடிதுடித்து இறந்தான்.

லாம்சனின் நம்பிக்கை, அக்கோனிட்டினைக் கண்டுபிடிக்க முடியாது என்பது. எடின்பரோவில் படித்தபோது பேராசிரியர் கிறிஸ்டிசன் அப்படிச் சொன்னதைக் கேட்டிருந்தார் என்பார்கள். அது பத்து இருபது வருடத்துக்கு முந்திய பாடம். லண்டன் கைஸ் மருத்துவமனையின் நஞ்சு நிபுணர் தாமஸ் ஸ்டீவன்சன் அந்தப் பாடத்தைத் தன் நாக்கால் முறியடித்தார். உடலிலிருந்து பிரித்த சாற்றைத் துளியளவு நாக்கில் வைத்துப் பார்த்தார். அவரிடம் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது செடிகளில் உருவாகும் வீரியமான வேதிப்பொருள்கள், இருந்தன, ஒவ்வொன்றின் சுவையும் தெரிந்தவர். இந்த எரிச்சலும் மரத்துப்போதலும் மணிக்கணக்கில் நீடித்தது அக்கோனிட்டினுக்கு மட்டுமே உரியது என்றார். எலிகளுக்கு ஊசி போட்டும் காட்டினார். லாம்சன் சில நாள் முன்பு லண்டன் மருந்துக் கடையில் கையெழுத்துப் போட்டே அக்கோனிட்டின் வாங்கியிருந்தார். 1882 ஏப்ரல் 28இல் வாண்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

லாம்சன் கைதேறாத ஆள், காமியா பல படி முன்னேறியவர். ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள். தான் படித்த அறிவியல் அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

கிழங்கு கையில் இருந்தவர்கள்

அக்கோனைட் கொலைக்காரச் செடி மட்டும் இல்லை. ஜப்பானின் வடக்கில் ஹொக்கைடோ தீவின் ஐனு மக்களுக்கு இதுதான் வேட்டை ஆயுதம். கிழங்கை அரைத்துக் களிம்பாக்கி அம்பின் நுனியில் தடவி, மானையும் கரடியையும் வீழ்த்தினார்கள். அடிபட்ட இடத்துக் கறியை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைத்தார்கள். அந்த அளவுக்கு நஞ்சின் போக்கை அறிந்திருந்தார்கள். 1876இல் மெய்ஜி அரசு நஞ்சு அம்புக்குத் தடை போட்டது. ஐனு வாழ்க்கை முறையை அடியோடு குலைத்த நடவடிக்கைகளில் அதுவும் ஒன்று.

இதே கிழங்கு மருந்துமாகும். ஜப்பானியக் காம்போ மருத்துவத்தில் 'புஷி' என்று உண்டு, சீன மருத்துவத்திலிருந்து வந்தது. குளிருக்கும் மூட்டு வலிக்கும் கொடுப்பார்கள். வேகவைப்பதுதான் சூட்சுமம். அக்கோனிட்டின் மூலக்கூறில் இரண்டு அமிலத் துண்டுகள் எஸ்டர் என்ற பிணைப்பால் கட்டப்பட்டிருக்கும். தண்ணீரில் நெடுநேரம் சூடாக்கினால் ஒரு துண்டு கழன்றுவிடும், நஞ்சின் வீரியம் நூற்றுக்கணக்கான மடங்கு குறையும். நம் சித்த வைத்தியர்கள் நாபியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்தபின்தான் சேர்ப்பார்கள். வேதியியல் தெரியாமலே கைக்கு வந்த பக்குவம். ஆனால் சுத்தியில் குறை வைத்தாலோ, அளவு தவறினாலோ, ஒவ்வொரு கிழங்கிலும் நஞ்சின் அளவு வேறுபடுவதாலோ ஆள் ஆபத்துக்குள்ளாவதும் உண்டு. ஹாங்காங்கில் மூலிகைக் கஷாயம் குடித்து அக்கோனைட் நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி 1990களில் விவரமான மருத்துவ அறிக்கைகள் வந்தன. சரி, நாட்டு மருந்துக் கடையில் நாபி கிடைக்கிறதே, வாங்கி வீட்டிலேயே கஷாயம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: வேண்டாம்.

ஜப்பானில் இன்றும் அக்கோனைட் விபத்து நடப்பது பெரும்பாலும் வசந்த காலத்தில். பனி உருகி, மலைக்கீரை பறிக்கப் போகிறவர்கள் 'நிரின்சோ' என்ற உண்ணும் கீரையும் தளிர் அக்கோனைட்டும் பக்கத்தில் பக்கத்தில் முளைத்திருப்பதைப் பார்க்கிறார்கள். பூக்கும் முன் இரண்டின் இலையும் ஒரேபோல் இருக்கும். வேகவைத்துச் சாப்பிட்ட சில நிமிடத்தில் வாய் மரக்கத் தொடங்கும்.

2009இல் லண்டனில் மறுபடியும் ஒரு கொலை. பிரிந்துபோன காதலன் வேறு பெண்ணோடு நிச்சயம் செய்துகொண்டான் என்று ஒரு பெண் அவர்கள் வீட்டுக் கறிக்குழம்பில் இந்திய அக்கோனைட்டைக் கலந்துவிட்டார். அவன் இறந்தான், அவனுடைய வருங்கால மனைவி பிழைத்தார். 2010இல் ஆயுள் தண்டனை, குறைந்தது 23 வருடம். அங்கே தாமதம், தந்திரம் எதுவும் இல்லை, சாப்பிட்டவுடன் வேலை செய்தது, கொடுத்தவர் யாரென்று உடனே தெரிந்துவிட்டது.

தீர்ப்பு

டோக்கியோவில் காமியா கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கோனைட் தொட்டிகள் அழகுக்காக வாங்கினேன் என்றார். பேத்தைக்கும் காரணம் சொன்னார். அவர் முன்பு வாடகைக்கு எடுத்திருந்த அறையில் நஞ்சின் தடயம் கிடைத்திருந்தது. நேரடி சாட்சி ஒருவரும் இல்லை. நஞ்சை விழுங்கியதைப் பார்த்தவர் கிடையாது, ஆனால் கணவர் கொடுத்த கேப்ஸ்யூல்களை அந்தப் பெண் சாப்பிடுவதுண்டு என்று தோழிகள் சொல்லியிருந்தார்கள். கேப்ஸ்யூலில் இரண்டு நஞ்சையும் கலந்து கொடுத்திருக்கிறார் என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தது. வாதத்தின் கனம் எல்லாம் சேர்ந்த சூழ்நிலைச் சான்றுகளில்தான்: வாங்கிய செடி, வாங்கிய மீன், ரத்தத்தில் இரண்டின் நஞ்சும், காப்பீடு, தாமதத்துக்கு எலிச் சோதனை. ஒன்றைத் தனியே எடுத்தால் எதற்கும் ஒரு சமாதானம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சொல்ல முடியவில்லை.

1994 செப்டம்பரில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1998இல் உயர் நீதிமன்றமும் பிறகு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. முதல் இரண்டு மனைவிகளின் மரணத்துக்காக அவர் மேல் கொலைக் குற்றச்சாட்டு போடவில்லை. அவர்களுடைய ரத்தத்தை எடுத்து வைத்திருந்த ஆள் எவரும் இல்லை. காமியா 2012 நவம்பரில் ஒசாகா மருத்துவச் சிறையில் 73 வயதில் இறந்தார்.